அனலில் வாட்டிய ஞாயிறு

வேல்ஸில் ஆபர்கவென்னி என்று ஒரு சிறிய ஊர். அங்குள்ள அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நாய் நிற்கிறது. பெயர் விஸ்கி. பாடம் செய்து வைத்த நாய். நீண்ட உடம்பு, அந்த உடம்புக்குப் பொருந்தாத குட்டைக் கால்கள். வேட்டைக்குத் தோதான உடல்வாகு இல்லை. காவலுக்கு நிறுத்தினாலும் யாரும் பயந்திருக்க மாட்டார்கள். அது பார்த்த வேலை சமையல்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பழைய பிரிட்டிஷ் சமையலறைகளில் சுவரின் மேல்பகுதியில் ஒரு சக்கரத்தைப் பொருத்தியிருப்பார்கள். நாயை அதற்குள் ஏற்றிவிடுவார்கள். அது ஓட ஓடச் சக்கரம் சுழலும். சக்கரத்திலிருந்து இறங்கும் கயிறோ சங்கிலியோ நெருப்பின் முன்னால் கிடக்கும் நீளக் கம்பியைத் திருப்பும். கம்பியில் கோத்த இறைச்சி எல்லாப் பக்கமும் ஒரே சீராக வேகும். இதற்கென்றே வளர்த்தெடுத்த இனம் அது. ‘டர்ன்ஸ்பிட்’, அதாவது கம்பி சுழற்றி, என்று பெயர். 1576-இல் ஆங்கிலத்தில் வெளியான நாய்களைப் பற்றிய நூலிலேயே இதற்கு இடம் கிடைத்துவிட்டது. ஒரு நாயால் மணிக்கணக்கில் ஓட முடியாது என்பதால் இரண்டு நாய்களுக்கு முறை வைப்பதும் உண்டு. பின்னால் சாவி கொடுத்தால் சுற்றும் எந்திரம் மலிவாகக் கிடைத்தது. நாய்களுக்கு வேலை போனது. 20-ஆம் நூற்றாண்டு பிறப்பதற்குள் இனமே அற்றுப்போய்விட்டது.

இந்த நாயை முதலிலேயே இழுத்து வந்ததற்குக் காரணம் இருக்கிறது. பாரம்பரிய பிரிட்டிஷ் சாப்பாட்டை பார்பிக்யூவில் சமைப்பது என்று பேச்செடுத்தால் பிரிட்டிஷ்காரர்களே சிரிப்பார்கள். அவர்கள் மனதில் பார்பிக்யூ அமெரிக்காவுக்குச் சொந்தம், இல்லையென்றால் ஆஸ்திரேலியாவுக்கு. தங்கள் நாட்டில் அது வெயில் எட்டிப்பார்க்கும் ஓரிரு வாரங்களுக்கான கூத்து. பர்கர், வெளியே கருகி உள்ளே வேகாத சாசேஜ், குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு மாமா. ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட் மட்டும் வேறு ஜாதி. அது வீட்டுக்குள், ஓவனுக்குள், பாட்டி காலத்திலிருந்து வருவது.

எந்தப் பாட்டி என்பதில்தான் விஷயம். சில தலைமுறை பின்னால் போனால் அந்த ஓவனே இல்லை. நெருப்பு இருக்கிறது, கம்பி இருக்கிறது, நாய் ஓடிக்கொண்டிருக்கிறது.

வறுவல் அல்ல, வாட்டல்

‘ரோஸ்ட்’ என்ற சொல்லைத் தமிழில் எழுதும்போதெல்லாம் நாம் வழுக்கி விழுகிறோம். ஓட்டலில் ரோஸ்ட் என்றால் முறுகலான தோசை. சமையல் குறிப்புகளில் அதையே ‘வறுவல்’ என்று போட்டுவிடுகிறார்கள். வறுப்பதற்குச் சட்டி வேண்டும், பொரிப்பதற்கு எண்ணெய் வேண்டும், சுடுவதென்றால் பொருள் நெருப்பைத் தொடவேண்டும். பழைய ஆங்கிலேய ரோஸ்டில் இந்த மூன்றுமே இல்லை. கணப்பில் விறகோ நிலக்கரியோ சுவர்போல் எரியும். இறைச்சி அதற்கு மேலே இருக்காது; எதிரே, சற்றுத் தள்ளி, சுழன்றுகொண்டே இருக்கும். தீ நாக்கு தொடாது. அனல் மட்டும் படும்.

பொட்டலம் மடிக்க வாழையிலையை அடுப்பனலில் காட்டுகிறோமே, அதேதான். வாட்டுதல். இவ்வளவு பொருத்தமான சொல்லை வைத்துக்கொண்டு ‘வறுவல்’ என்று எழுதுவது நம் சோம்பல்.

சொல் பிசகினால் சமையலும் பிசகும். இறைச்சியைக் கங்குக்கு நேர் மேலே வைத்தால் கொழுப்பு உருகிச் சொட்டும், கங்கு குப்பென்று பற்றும், கரும்புகை எழும். பாதி பார்பிக்யூக்கள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். நெருப்புக்கு எதிரே வைத்தால் சொட்டுவதெல்லாம் கீழே வைத்த தட்டில் விழும். ஒரு துளி வீண் இல்லை. அந்தத் தட்டில் என்ன பிறந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

லண்டனுக்குத் தென்மேற்கே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் எட்டாம் ஹென்றி கட்டிய சமையல் கூடம் இன்றும் இருக்கிறது. ஆறு பெரிய கணப்புகள். ஒவ்வொன்றிலும் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு 600 பேருக்குக் குறையாமல் சோறு போட்ட இடம். அங்கே நாய் இல்லை, பையன்கள் உட்கார்ந்து சுற்றினார்கள். இப்போதும் பார்வையாளர்களுக்காக நெருப்பு மூட்டி மாட்டிறைச்சியை வாட்டிக் காட்டுகிறார்கள். கணப்பின் வாயருகே நின்றால் முகத்தின் ஒரு பக்கம் மட்டும் காந்தும். அந்தப் பையன்களின் பிழைப்பு என்னவென்று அப்போது புரியும்.

இந்த வாட்டலை வைத்துத்தான் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயர்களுக்கு ‘ரோஸ்பிஃப்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஆங்கிலேயர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, மார்பில் குத்திக்கொண்டார்கள். 1748-இல் ஓவியர் வில்லியம் ஹோகார்த் பிரான்சின் கலே துறைமுகத்துக்குப் போனார். கோட்டை வாசலை வரைந்துகொண்டிருந்தவரை உளவாளி என்று பிடித்துவிட்டார்கள். ஊர் திரும்பியவர் படம் வரைந்து வஞ்சம் தீர்த்தார். அதில் ஒரு சமையல்காரன் இங்கிலாந்திலிருந்து வந்த மாபெரும் மாட்டிறைச்சித் துண்டைச் சுமக்க முடியாமல் சுமந்து போகிறான். எலும்பும் தோலுமான பிரெஞ்சுச் சிப்பாய்கள் கண் பிதுங்கப் பார்க்கிறார்கள். கொழுத்த பாதிரியார் ஒருவர் இறைச்சியை விரலால் தொட்டுப் பார்க்கிறார். லண்டன் டேட் கலைக்கூடத்தில் படம் இருக்கிறது. இறைச்சியை அரசியலாக்குவது நம் ஊரில் தொடங்கிய பழக்கம் அல்ல.

பெக்கமின் மூன்று பன்றிகள்

பார்பிக்யூ என்ற சொல் கரீபியத் தீவுகளின் டைனோ மக்களுடையது. குச்சிகளால் கட்டிய பரண், அதன் கீழே நெருப்பு. ஸ்பானியர் வாயில் ‘பார்பகோவா’ ஆனது. கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-இல் அச்சிட்ட தன் பயண நூலில் இச்சொல்லை எழுதிவிட்டார். அந்த நூல் வந்த பத்தே ஆண்டில் நெருப்பும் வந்துவிட்டது. 1707-இல் நெட் வார்ட் என்ற எழுத்தாளர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பெக்கம் என்ற ஊரில் ஓர் ஆப்பிள் மரத்தடியில் மூன்று பன்றிகளைப் பார்பிக்யூ செய்து தின்ற விருந்தின் கதை அது. பெக்கம் இன்று தென் லண்டனின் நெரிசலான ஒரு பகுதி. அமெரிக்கா என்ற தனி நாடு பிறக்க இன்னும் சுமார் 70 ஆண்டு இருந்தது. பார்பிக்யூ எங்களுக்கு அந்நியம் என்று சொல்லும் பிரிட்டிஷ் நண்பர்களிடம் நான் இந்தப் பன்றிகளைத்தான் அவிழ்த்துவிடுவேன்.

திறந்தவெளியில் முழு விலங்கை வாட்டுவது அதற்கும் முந்தைய பழக்கம். தேம்ஸ் நதி உறைந்த ஆண்டுகளில் பனிக்கட்டியின் மேலேயே சந்தை கூடும். 1814-தான் கடைசி. அந்தச் சந்தையில் பனியின் மேல் செம்மறி ஆட்டை வாட்டினார்கள். வேடிக்கை பார்க்க ஆறு பென்ஸ், ஒரு துண்டு தின்ன ஒரு ஷில்லிங். முடிசூட்டு விழா என்றால் ஊர்ப் பொதுவில் முழு மாடு. 1953 ஜூன் மாதம் எலிசபெத் அரசி முடிசூடியபோது போர் முடிந்து எட்டு ஆண்டாகியும் இறைச்சிக்கு ரேஷன் நீங்கவில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து வாங்கிய காலத்தில் முழு மாட்டுக்கு எங்கே போவது? உணவு அமைச்சகம் ஒரு வழி வைத்தது. முந்தைய முடிசூட்டு விழாக்களிலும் எங்கள் ஊரில் மாடு வாட்டிய வழக்கம் உண்டு என்று நிரூபித்தால் அனுமதி. 82 விண்ணப்பங்கள் தேறின. எத்தனை ஊர்களில் பெரியவர்களைத் தேடிப்பிடித்துச் சாட்சி சொல்ல வைத்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அப்படியானால் நெருப்பு எப்போது வீட்டுக்குள் அடங்கியது? 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வார்ப்பிரும்பு அடுப்புகள் வரத் தொடங்கின. பக்கவாட்டில் ஒரு ஓவன். 19-ஆம் நூற்றாண்டில் எரிவாயு அடுப்பு. ஆனாலும் 1861-இல் வெளிவந்து வீட்டுக்கு வீடு புகுந்த இசபெல்லா பீட்டனின் சமையல் நூலில்கூட ரோஸ்ட் என்றால் நெருப்பின் முன் வைப்பதுதான். ஓவனில் வெந்ததை ‘பேக்’ செய்தது என்று சொல்லுங்கள், ரோஸ்ட் என்று சொல்லாதீர்கள் என்று அடம்பிடித்தவர்கள் இருந்தார்கள். ஏழைகள் அதற்கும் முன்பே ஓவனுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் பெரிய கணப்புக்கு வழியில்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை இறைச்சியைத் தெருமுனை ரொட்டிக்கடைக்காரரின் அடுப்பில் கொடுத்து வாங்கினார்கள். டிக்கன்ஸின் ‘கிறிஸ்துமஸ் கேரல்’ கதையில் அந்தக் காட்சி வருகிறது. எனவே ஓவன் வந்ததை நான் குறைசொல்ல மாட்டேன். சமையலறையில் நாள் முழுக்க நெருப்பின் முன் வெந்தவர் யார் என்று கேட்டால் பதில் தெரிந்ததுதானே.

1952-இல் இரண்டு சம்பவங்கள். டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை நிலக்கரிப் புகையும் மூடுபனியும் கலந்து மூடின. முதல் கணக்கிலேயே ஏறத்தாழ 4,000 உயிர்கள் போயின. 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. நகரங்களில் வீட்டுக் கணப்புகளின் புகைக்குக் கட்டுப்பாடு விழுந்தது. அதே 1952-இல், அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், சிகாகோ அருகே கடல் மிதவைகளுக்கு உலோகக் கோளம் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், அப்படி ஒரு கோளத்தை இரண்டாக வெட்டி, கீழ்ப்பாதியில் கரியைப் போட்டு, மேல்பாதியை மூடியாக்கினார். அதுதான் இன்று எங்கும் காணும் ‘கெட்டில்’ பார்பிக்யூ. வீட்டை விட்டு வெளியேறிய நெருப்புக்குத் தோட்டத்தில் ஒரு வட்டமான இடம் கிடைத்தது. இரண்டுக்கும் தொடர்பு இல்லைதான். ஆனாலும் ஆண்டு ஒத்துப்போவது எனக்குப் பிடித்திருக்கிறது.

மழைக்குள் ஒரு மாட்டு விலா

இதையெல்லாம் எனக்குக் கண்ணால் காட்டியவர் லீட்ஸில் என் பக்கத்து வீட்டில் இருந்த பெரியவர். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். அவருக்கு ஹோகார்த்தும் தெரியாது, பெக்கம் பன்றிகளும் தெரியாது. ஒரு கிறிஸ்துமஸ் அன்று ஓவன் முழுக்க உருளைக்கிழங்கும் காய்களும் நிறைந்துவிட, இறைச்சியை வெளியே கெட்டிலில் வைத்திருக்கிறார். அந்தச் சுவைக்குப் பிறகு அவர் இறைச்சியை வீட்டுக்குள் விடவில்லை. நான் போன அன்று தூறிக்கொண்டிருந்தது. “நெருப்புக்கு மூடி இருக்கிறது, உனக்குத் தொப்பி இருக்கிறது, அப்புறம் என்ன?” என்றார்.

கரியை அவர் நடுவில் குவிக்கவில்லை. இரண்டு ஓரங்களில் பிரித்து வைத்தார். நடுப்பள்ளத்தில் ஒரு தகரத் தட்டு. அதில் வெங்காயம், கேரட், கொஞ்சம் தண்ணீர். தட்டுக்கு நேர் மேலே, கம்பி வலையில், எலும்போடு இரண்டரைக் கிலோ மாட்டு விலா. கங்கு எங்கும் இறைச்சிக்கு அடியில் இல்லை. பழைய கணப்பின் சூத்திரமே இதுதான்; அனல் பக்கவாட்டிலிருந்து வருகிறது, கொழுப்பு தட்டில் விழுகிறது. சுழற்ற நாய் தேவையில்லை, ஏனென்றால் மூடியில் மோதித் திரும்பும் சூடு எல்லாப் பக்கமும் பரவிவிடுகிறது. இதையும் சொல்லிவிட வேண்டும்: மூடியைப் போட்ட பிறகு கெட்டிலும் ஒருவகை ஓவன்தான், கரியும் புகையும் உள்ள ஓவன். ஹாம்ப்டன் கோர்ட் சமையல்காரன் பார்த்தால் இதை ரோஸ்ட் என்று ஒப்புக்கொள்வானா என்பது சந்தேகம். ஆனால் சமையலறை ஓவனைவிட இதற்கு நெருங்கிய உறவு என்பான்.

நெருப்பு எப்போது தயார்? கரி கறுப்பாக இருக்கும்வரை தொடக்கூடாது. மேலே சாம்பல் படிந்து, உள்ளே கனல வேண்டும். நீறு பூத்த நெருப்பு என்று நாம் அரசியல் கட்டுரைகளில் மட்டும் எழுதிப் பழகிய அந்த நிலைதான் சமையலுக்கு நேரம். தீக்கொழுந்து ஆடும்போது இறைச்சியை வைப்பவர்களால்தான் ‘வெளியே கரி, உள்ளே பச்சை’ என்ற கெட்ட பெயர்.

மூடியின் காற்றுத் துளையைத் திருகித்தான் சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும். அரை கிலோவுக்கு 20 நிமிடம் என்பது அவர் மனக்கணக்கு. ஆனால் கணக்கை நம்பவில்லை. இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானியை நம்பினார். நடுப்பகுதி 50 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் எடுத்துவிட்டார். எடுத்த பிறகும் உள்சூடு சில டிகிரி ஏறும். அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டுத்தான் கத்தியைத் தொட்டார். நடுவில் இளஞ்சிவப்பு. நம் ஊர்க்காரர்கள் பலர் இந்த இடத்தில் முகத்தைச் சுளிப்பார்கள். எனக்கும் முதல் தடவை அப்படித்தான் இருந்தது. முழுத்துண்டு மாட்டிறைச்சியில் கிருமி வெளிப்பரப்பில் இருப்பதால் இந்தச் சலுகை. கோழி, சாசேஜ், அரைத்த இறைச்சி எதற்கும் இது கிடையாது. நடுவரை 70 டிகிரி, குறைந்தது இரண்டு நிமிடம் நிற்க வேண்டும் என்பது அந்நாட்டு உணவுத் தர முகமையின் விதி.

இப்போது அந்தத் தட்டு. 1737-இல் அச்சான ஒரு சமையல் நூலில் ‘டிரிப்பிங் புட்டிங்’ வருகிறது. கோதுமை மாவு, முட்டை, பால் கலந்த கரைசலை, வாட்டும் இறைச்சிக்குக் கீழே தட்டில் ஊற்றி, மேலிருந்து சொட்டும் கொழுப்பிலேயே வேகவைப்பது. 1747-இல் ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணி எழுதிய நூலில் அதற்கு ‘யார்க்‌ஷயர் புட்டிங்’ என்ற பெயர் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் அச்சான முதல் கறிக் குழம்புக் குறிப்பு என்று பலரும் சுட்டுவதும் அதே நூலில்தான் இருக்கிறது என்பது நமக்கான உபரிச் செய்தி. புட்டிங் என்றதும் இனிப்பை நினைக்க வேண்டாம். ஆப்பத்துக்கும் பன்னுக்கும் நடுவில் ஒரு பொருள். இறைச்சிச் சாறு ஊற்றித் தின்பது. யார்க்‌ஷயர் வீடுகளில் அதை இறைச்சிக்கு முன்னால் தனியாகப் பரிமாறும் வழக்கம் இருந்தது. யார் புட்டிங் அதிகம் தின்கிறார்களோ அவர்களுக்கே இறைச்சி அதிகம் என்று பிள்ளைகளிடம் சொல்வார்களாம். தின்ற பிள்ளைக்கு வயிற்றில் இடம் இருக்காது. சிக்கனத்தில் பிறந்த சமையல்.

பெரியவர் இரும்புத் தட்டில் கொழுப்பைப் புகையக் காயவைத்து, கரைசலை ஊற்றி, மூடியைப் போட்டார். ‘திறக்காதே’ என்பதுதான் விதி. இடையில் காற்றுப் பட்டால் அமுங்கிவிடும். நான் திறந்தேன். எழும்பிக்கொண்டிருந்தது ஊத்தப்பம்போல் படுத்துவிட்டது. மன்னிப்புக் கேட்டதற்கு, “என் பாட்டி சுட்டதும் இப்படித்தான் இருக்கும்” என்றார். 2008-இல் பிரிட்டனின் ராயல் வேதியியல் கழகம், நான்கு அங்குலம் உயராதது யார்க்‌ஷயர் புட்டிங்கே அல்ல என்று அறிவித்தது. ஆனால் கம்பிக்குக் கீழே தட்டில் கிடந்த பழைய புட்டிங், அகலமாக, தட்டையாக, அடியில் கொழுப்பு ஊறியதாகத்தான் இருந்திருக்க முடியும். மேலே மூடி இல்லாத இடத்தில் எது நான்கு அங்குலம் எழும்? கழகத்தைவிடப் பாட்டி பக்கமே நான் சாய்கிறேன், என் தவறை மறைத்தது என்பதற்காக மட்டும் அல்ல.

தகரத் தட்டில் மிஞ்சிய வெங்காயச் சாறும் இறைச்சி ரசமும் மாவு சேர்ந்து கொதித்தால் கிரேவி. நம் கிரேவி வேறு. இது மசாலா இல்லாத, பழுப்பான, நீர்த்த சாறு. அன்றைக்கு அதில் கரிப்புகையின் வாசம் இருந்தது. ஓவன் ரோஸ்டில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காதது இது.

கடற்கரைக்காரர்களின் நெருப்பு

ரோஸ்டையே பேசிக்கொண்டிருந்தால் மீன்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஆர்புரோத் என்ற ஊர். ஹேடக் மீனைத் தலையும் குடலும் நீக்கி, உப்பில் போட்டு, இரண்டிரண்டாக வாலைக் கட்டி, குச்சியில் தொங்கவிடுவார்கள். கீழே பீப்பாய்க்குள் கடினமரக் கட்டைகளின் நெருப்பு. மேலே ஈரக் கோணிச்சாக்கைப் போர்த்திவிடுவார்கள். சாக்கு தீயை அடக்கும், புகையையும் நீராவியையும் உள்ளே பிடித்துவைக்கும். ஒரு மணி நேரத்துக்குள் தோல் செம்பு நிறத்துக்கு வந்து, சதை பூப்போலப் பிரியும். ‘ஆர்புரோத் ஸ்மோக்கி’ என்று பெயர். பக்கத்துக் கிராமமான ஆக்மிதியில் பிறந்தது. மீன் கிடங்கு தீப்பிடித்து, மறுநாள் சாம்பலில் கிடந்த மீனைத் தின்று பார்த்தார்கள் என்று கதை. எல்லா ஊரிலும் சுட்ட உணவுக்கு இப்படி ஒரு தீ விபத்துக் கதை இருக்கிறது, நான் நம்புவதில்லை. 2004-இல் ஐரோப்பியப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரைச் சுற்றி எட்டு கிலோமீட்டருக்குள் செய்ததைத்தான் அந்தப் பெயரில் விற்கலாம். மூடியுள்ள பார்பிக்யூவும் ஈரச் சாக்கும் செய்கிற வேலை ஒன்றேதான் என்பதால், பிரிட்டிஷ் உணவுகளில் தோட்டத்துக்கு இதைப்போல இயல்பாக வந்து பொருந்துவது வேறில்லை. பெயரை மட்டும் போடக்கூடாது.

கிப்பர் இன்னொரு வகை. ஹெர்ரிங் மீனை முதுகில் பிளந்து, விரித்து, உப்பிட்டு, ஓக் மரத்தூள் புகையில் தொங்கவிட்டது. நார்தம்பர்லாந்தின் கிராஸ்டர் கிராமத்தில் 1856-இல் கட்டிய புகைக்கூடம் இன்றும் ஓடுகிறது; 16 மணி நேரம் வரை புகை போடுகிறார்கள். காலைச் சாப்பாட்டுக்கு வெண்ணெய் தடவிச் சூடாக்கித் தின்பது. கருவாடு சுட்டால் தெருவுக்கே தெரியும் என்பது நமக்குப் புதிதல்ல. அங்கேயும் கிப்பர் என்றால் மூன்று நாள் திரைச்சீலையில் வாசம் நிற்கும் என்று அலறுகிற குடும்பங்கள் உண்டு. தோட்டத்தில் இரண்டு நிமிடம் கங்கில் காட்டினால் குடும்பச் சண்டை மிச்சம்.

கோடையில் மேக்கரல். நம் அயிலைக்கு உறவு. எண்ணெய் நிறைந்த மீன். அதைச் சுட்டு, கூஸ்பெரி பழத்தை வேகவைத்த புளிப்புச் சாறோடு தின்பது பழைய ஆங்கிலேய முறை. கூஸ்பெரியை அகராதிகள் நெல்லிக்காய் என்று சொல்லும். நெல்லி அல்ல, ஆனால் புளிப்பு வேலையைச் செய்கிறது. மீனுக்குப் புளி வேண்டும் என்று அவர்களும் கண்டுபிடித்திருக்கிறார்கள். உண்மையான புளியும் அவர்கள் மேசையில் உட்கார்ந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல். 1837 முதல் விற்பனையாகும் லீ அண்டு பெரின்ஸ் வூஸ்டர் சாஸில் நெத்தலி வகை மீனோடு புளியும் சேர்கிறது. மாட்டிறைச்சியில் இரண்டு சொட்டு விட்டுச் சுட்டுப் பாருங்கள், அதன் வேலை தெரியும்.

காலையுணவுக் கூட்டமான ‘ஃபுல் இங்கிலீஷ்’ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கங்கின் மேல் ஒரு தோசைக்கல்லைப் போட்டால் பேகன், தக்காளி, காளான், முட்டை எல்லாம் வரிசையாக வந்துவிடும். இரத்தமும் தானியமும் கொழுப்பும் சேர்த்து அடைத்த ‘பிளாக் புட்டிங்’ மட்டும் கல்லில் இரண்டு பக்கமும் மொறுமொறுக்கும்போது தனி அழகு. வேல்ஸில் அந்தக் கல்லுக்கே ‘பிளாங்க்’ என்று பெயர் வைத்து, உலர் திராட்சை போட்ட சிறு கேக்குகளை அதில் சுடுகிறார்கள். கம்பர்லாந்து சாசேஜ் நீளமாக, பாம்புபோலச் சுருட்டிக் கிடக்கும். இரண்டு கம்பிகளைக் குறுக்காகக் குத்திவிட்டால் திருப்பும்போது அவிழாது. ஊசியால் ஓட்டை போடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கை துடிக்கும். உள்ளே இருக்கும் சாறுதானே சாசேஜ்!

முடியாதவையும் உண்டு. மீனும் சிப்ஸும் கொதிக்கும் எண்ணெயின் பிள்ளைகள். அவற்றைக் கரியில் செய்வேன் என்பது வீம்பு. ஆவியில் மணிக்கணக்காக வேகும் கொழுப்பு மாவுப் புட்டிங்குகளையும் விட்டுவிடலாம். உருளைக்கிழங்கு நேர்மாறு. 1605-இல் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கும் சதி முறிந்ததைக் கொண்டாட, ஒவ்வொரு நவம்பர் 5-ஆம் தேதி இரவும் ஊர்தோறும் சொக்கப்பனைபோல் தீ மூட்டுகிறார்கள். அந்தத் தீயின் ஓரத்தில் தோலோடு உருளைக்கிழங்கைப் புதைத்து எடுத்து, பிளந்து, வெண்ணெய் வைத்து, கையுறையோடு தின்பார்கள். பாரம்பரியம் வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட எளியது இல்லை.

லண்டனின் பணக்கார உணவகங்களும் நெருப்புக்குத் திரும்பியிருக்கின்றன. 2011-இல் ஹெஸ்டன் ப்ளூமெந்தால் திறந்த ‘டின்னர்’ உணவகத்தில் கடிகாரம்போன்ற பல்சக்கரங்கள் கம்பியைச் சுழற்றுகின்றன. கம்பியில் அன்னாசிப் பழம். நாய்க்குப் பதில் வந்த எந்திரம், இப்போது அலங்காரமாக. 2018-இல் டோமோஸ் பாரி என்ற வேல்ஸ்காரர் ஷோர்டிச்சில் திறந்த ‘பிராட்’ உணவகத்தில் முழு டர்பாட் மீனைக் கங்கில் சுடுகிறார்கள். விலையைக் கேட்டால் நமக்குச் சுடும்.

கரியும் கவனமும்

பிரிட்டனில் எரியும் கரியில் பெரும்பகுதி கப்பலில் வருவது. ஆனால் பிரிட்டிஷ் காடுகளில் கரிமூட்டம் போட்ட காலம் நீண்டது. ஹேசல் போன்ற மரங்களை அடியோடு வெட்டாமல் அடிக்கட்டையை விட்டுவைப்பார்கள். அது மீண்டும் தளிர்க்கும். சில ஆண்டுகள் கழித்து மறுபடி வெட்டுவார்கள். இப்போது சில சிறு உற்பத்தியாளர்கள் அந்த முறையில் கரி செய்கிறார்கள். விலை அதிகம்; ஆனால் சீக்கிரம் பற்றும், மண்ணெண்ணெய் வாடை இல்லை.

எதிர்முனையில் தூக்கியெறியும் தகரத் தட்டு பார்பிக்யூ. 2020 மே மாதம் டார்செட் மாவட்டத்தின் வேர்ஹம் காட்டில் சுமார் 220 ஹெக்டேர் எரிந்தது. தீயணைப்பு வீரர்கள் அங்கே பல தகரத் தட்டுகளைக் கண்டெடுத்தார்கள். 2022-இல் வெயிட்ரோஸ், ஆல்டி ஆகிய கடைத்தொடர்கள் அவற்றை விற்பதையே நிறுத்தின. இன்னொரு ஆபத்து சத்தமில்லாதது. மழை வந்தால் அணையாத பார்பிக்யூவைக் கூடாரத்துக்குள் இழுத்து வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை. கரி அணைந்ததுபோல் தெரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டிருக்கும். அதற்கு மணம் கிடையாது. மழையென்றால் குடை பிடியுங்கள், கேலிசெய்தாலும் பரவாயில்லை.

பெரியவர் குடையும் பிடிக்கவில்லை. சாப்பிட்டு முடித்தபின் வெளியே போய், மேலும் கீழும் காற்றுத் துளைகளை அடைத்தார். மூச்சுமுட்டி அணையும் கரி அடுத்த ஞாயிறுக்கு மிச்சம் என்றார். தட்டில் கால்வாசி இறைச்சி இருந்தது. ஞாயிற்று ரோஸ்டின் மிச்சத்தைத் திங்கட்கிழமை ஆறியபடியே தின்பது அங்கே பழைய வழக்கம். திங்கள் துணி துவைக்கும் நாள், அடுப்பு மூட்ட யாருக்கும் கை ஓயாது. எனக்கும் நான்கு துண்டை மெல்லியதாக அரிந்து, தாளில் சுற்றி, காரமான ஹார்ஸ்ராடிஷ் விழுதை ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தார். “சூடாக்கிவிடாதே” என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தடவை சொன்னார். மறுநாள் பேருந்தில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்சீட்டில் இருந்த அம்மாள் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். எங்கோ ஏதோ எரிகிறதா என்று.